எண் வந்தது, வெப்பநிலை வந்ததா?

கையிலுள்ள செல்பேசியில் "கடலூர் 36.4" என்று ஓர் எண் தோன்றுகிறது. திண்ணையில் அமர்ந்தபடி அதைப் பார்த்துவிட்டு, "இன்று வெயில் கொஞ்சம் தணிவுதான்" என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அந்த 36 எங்கிருந்து வந்தது, அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் புள்ளி நான்கு எங்கிருந்து வந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கடைக்காரர் தராசில் நிறுத்துக் கொடுத்தால் முள்ளை எட்டிப் பார்க்கிறோம். செல்பேசி நிறுத்துக் கொடுத்தால் பார்ப்பதில்லை.

2024ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் டில்லியின் முங்கேஷ்பூரிலுள்ள தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் என்று அறிவித்தது. நாடே திகைத்தது. ஏனெனில் அதற்கு முன் இந்தியாவின் உச்ச அளவாகக் கருதப்பட்டது 2016 மே 19 அன்று ராஜஸ்தானின் பலோடியில் பதிவான 51.0 டிகிரிதான். ஆனால் அதே நாளில் டில்லி வட்டாரத்தின் மற்ற நிலையங்கள் 45.2 முதல் 49.1 வரையே காட்டின. இந்திய வானிலைத் துறை ஆட்களை அனுப்பிச் சோதித்தது. உணரி ஏறத்தாழ 3 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்று பின்னர் தெரிவிக்கப்பட்டது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. 52.9 என்பது சாதனை எண்ணாக இருந்ததால்தான் பிடிபட்டது. அதே கருவி டிசம்பர் மாதத்தில் 22க்குப் பதிலாக 25 என்று சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? பெரிய பொய் அகப்பட்டுக்கொள்கிறது. மூன்று டிகிரிப் பொய் சாதாரண நாளில் பதிவேட்டிற்குள் சாதுவாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

டில்லியை விட்டு நம் ஊருக்கு வருவோம். கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம், மேற்கே சிதம்பரம் என்று ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டின் பெரும்பகுதியில் காற்றே ஒரு வேதிப்பொருள். வீட்டு ஜன்னல் கம்பியைத் தடவினால் விரலில் உப்புக் கரிக்கும். சைக்கிள் சங்கிலி ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துப்போகும். இதே மாவட்டத்து நெய்வேலியில் அனல்மின் நிலையக் கொதிகலன்கள் உள்ளன. அவற்றின் வெப்பத்தோடு ஒப்பிட்டால் உப்பங்கழியின் 30 டிகிரி ஒன்றுமில்லை. ஆயினும் கருவிக்குக் கடுமையான இடம் எது என்று கேட்டால் நான் உப்பங்கழியையே சொல்வேன். கொதிகலனின் வெப்ப இணைக்குப் பக்கத்தில் இரவு பகலாக ஆள் இருக்கிறார். அது பழுதானால் ஷிப்டு முடிவதற்குள் தெரிந்துவிடும். கழிமுகத்துக் கம்பத்தில் கட்டிய பெட்டிக்கு யார் இருக்கிறார்கள்? "ஆளே போக வேண்டாம்" என்று சொல்லித்தானே அதை விற்கிறார்கள்!

அந்தப் பெட்டியின் வேலை எளியது. முனையில் ஓர் உணரி. பெரும்பாலும் அது ஒரு பிளாட்டின மின்தடை வெப்பமானி. அல்லது எண்ணாகவே பேசும் ஒரு சிறு சில்லு. அதிலிருந்து சில மீட்டர் கம்பி. கம்பி முடியும் இடத்தில் ஒரு மின்சுற்று, மின்கலம், சூரியத் தகடு, ஒரு சிம் அட்டை. கால் மணிக்கு ஒரு முறையோ மணிக்கு ஒரு முறையோ அளவு செல்பேசிக் கோபுரத்துக்குப் போய், அங்கிருந்து ஏதோ ஒரு கணிப்பொறிக்குப் போய், நம் கைக்கு வருகிறது. இந்த ஏற்பாட்டை நான் இழிவாகச் சொல்லவில்லை. பழைய முறையில் பல ஊர்களில் காலை எட்டரை மணிக்கும் மாலை ஐந்தரை மணிக்கும் ஒருவர் போய்ப் பெட்டியைத் திறந்து பாதரசத்தைப் படித்தார். நள்ளிரவில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்று நள்ளிரவும் தெரிகிறது, விடியற்காலை மூன்று மணியும் தெரிகிறது. இறால் வளர்ப்பவருக்கும் மீனைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புபவருக்கும் அது பெரிய வரப்பிரசாதம்.

என் குறை எங்கே என்றால், விளம்பரம் முழுவதும் கோபுரத்திலிருந்து செல்பேசி வரையுள்ள பாதையைப் பற்றியே பேசுகிறது. எத்தனை நூறு கிலோமீட்டர், எத்தனை நொடி, எத்தனை வண்ண வரைபடம்! அந்த நூறு கிலோமீட்டரில் எண் கெடுவதில்லை. போனால் முழுதாகப் போகும், இல்லையேல் போகாது. கெடுவதெல்லாம் உணரிக்கும் பெட்டிக்கும் இடைப்பட்ட அந்தச் சில மீட்டர் கம்பியில்தான். அதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரியும் இல்லை.

கம்பிக்கு வருவோம். பட்டப்படிப்பில் இயற்பியல் படித்தவர்களுக்குக் கேலண்டர், கிரிஃபித்ஸ் என்ற பெயர்கள் நினைவிருக்கும். ஹியூ கேலண்டர் 1887இல் பிளாட்டின மின்தடை வெப்பமானியை நம்பத்தக்க கருவியாக ஆக்கிக் காட்டினார். தேர்வுக்குப் படிக்கும்போது அந்தப் படத்தில் இரண்டு கம்பிகளுக்குப் பக்கத்தில் வேறு இரண்டு கம்பிகள் சும்மா போய்த் திரும்பி வரும். "ஈடுசெய் கம்பிகள்" என்று குறித்துவைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தோம். அவை எதற்கு என்று எத்தனை மாணவர்கள் கேட்டார்கள்? நான் மாணவனாக இருந்தபோது கேட்கவில்லை. கிள்ளைக்குப் போன பிறகுதான் எனக்கே அது உறைத்தது.

கணக்கைப் பாருங்கள். சந்தையில் கிடைக்கும் பி.டி. 100 என்னும் உணரி 0 டிகிரியில் 100 ஓம் மின்தடை உடையது. ஒரு டிகிரி ஏறினால் அதன் தடை ஏறத்தாழ 0.39 ஓம் ஏறும். இப்போது உணரிக்கும் பெட்டிக்கும் இடையே 20 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். கடையில் வாங்கிய அரைச் சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, போக 20, வர 20, ஆக 40 மீட்டர். இதன் தடை ஏறத்தாழ 1.4 ஓம். பெட்டிக்கு உணரியின் தடை எது, கம்பியின் தடை எது என்று தெரியாது. இரண்டையும் கூட்டியே எடுத்துக்கொள்ளும். 1.4ஐ 0.39ஆல் வகுத்தால் மூன்றரை டிகிரி! முங்கேஷ்பூரின் மூன்று டிகிரியை இருபது மீட்டர் கம்பியை வைத்தே நாமும் உண்டாக்கலாம். (டில்லியில் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மூன்று டிகிரி என்பது எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்று காட்டவே சொன்னேன்.)

"கழித்துவிட்டால் போயிற்று" என்பீர்கள். கழிக்கலாம், ஆனால் கம்பியும் வெயிலில் கிடக்கிறது. விடியற்காலை 25 டிகிரியில் இருந்த கம்பி, உச்சிப்பொழுதில் மணல்மேல் கிடந்து 50 டிகிரிக்குப் போகிறது. செம்பின் தடையும் வெப்பத்தோடு ஏறும். அந்த ஏற்றம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு டிகிரியாகத் தெரியும். அதாவது நீரின் வெப்பநிலை மாறாமலிருக்க, கம்பியின் வெப்பநிலை மாறியதைக் கருவி நீரின் கணக்கில் எழுதிவிடும். கேலண்டரின் ஈடுசெய் கம்பிகள் இதற்குத்தான். அவையும் அதே பாதையில் ஓடி, அதே வெயிலில் காய்ந்து, சமன்சுற்றின் மறுபக்கத்தில் அதே பிழையைச் சேர்த்து, பிழையைப் பிழையால் கழித்துவிடும். இன்றைய மூன்று கம்பி முறையும் நான்கு கம்பி முறையும் அதன் வாரிசுகளே. நான்கு கம்பி முறையில் இரண்டு கம்பிகள் மின்னோட்டத்தைக் கொண்டுபோகும். மற்ற இரண்டும் மின்னழுத்தத்தை மட்டும் அளந்து வரும். அவற்றில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாததால் கம்பியின் தடை கணக்கிலேயே சேராது. செலவு? கூடுதலாக இரண்டு கம்பி.

இனி உப்பு செய்யும் வேலை. கம்பி இணைப்பில் ஈரம் இறங்கி உப்புப் படலம் படிந்தால், இரண்டு கம்பிகளுக்கும் நடுவே மின்னோட்டத்திற்கு ஒரு கள்ள வழி திறக்கிறது. 30 டிகிரியில் பி.டி. 100 உணரியின் தடை 111.7 ஓம். கள்ள வழியின் தடை ஒரு லட்சம் ஓமாக இருந்தால் கருவி 0.3 டிகிரி குறைத்துக் காட்டும். அது பத்தாயிரம் ஓமாக இறங்கினால் குறைவு 3 டிகிரிக்கு மேல். நான்கு கம்பி போட்டாலும் இந்தப் பிழை போகாது. கள்ள வழி உணரிக்கு அருகிலேயே இருக்கிறதே! இந்தப் பிழை திடீரென வருவதும் இல்லை. கார்த்திகை மழையில் நாளுக்கு நாள் சிறிது சிறிதாக இறங்கும். வரைபடத்தில் பார்த்தால் பருவம் குளிர்ந்துவருவது போலவே அழகாகத் தெரியும்.

கருவியைப் பிடித்து, அது கெட்டுவிட்டது என்று சொன்னால் புரிந்துகொள்வோம். அது கெடாமல், இயற்கையைப் போலவே நடித்தால் என்ன செய்வது? இதுதான் நான் இந்த ஏற்பாட்டின்மீது வைக்கும் முதல் குற்றச்சாட்டு.

நடந்ததைச் சொல்கிறேன். என் வகுப்பு மாணவன் ஒருவனின் உறவினர் கிள்ளைப் பக்கம் குத்தகைக்கு இறால் குளம் எடுத்திருந்தார். செல்பேசிக்கு வெப்பநிலை அனுப்பும் பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது. ஐப்பசி கடைசியில் மழை பிடித்ததும் அது 27, 26, 25 என்று இறங்கி 24இல் நின்றது. நீர் குளிர்ந்தால் இறால் குறைவாகத் தின்னும். தின்னாத தீவனம் குளத்தடியில் அழுகி, நீரைக் கெடுக்கும். ஆகையால் அவர் முறைப்படி தீவனத்தைக் குறைத்தார். நான்கு நாள் குறைத்தார். ஐந்தாம் நாள் தீவனத் தட்டைத் தூக்கிப் பார்த்தால் ஒரு பருக்கை மிச்சமில்லை. இறால் பசியோடு இருந்தது. "பெட்டி ஒண்ணு சொல்லுது, தட்டு ஒண்ணு சொல்லுது. எதை நம்புறது சார்?" என்று அவர் என்னிடம் கேட்டார். ஆய்வகத்திலிருந்து ஒரு கண்ணாடி வெப்பமானியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனோம். நீர் 27 டிகிரி.

கம்பியைத் தடவிக்கொண்டே போனோம். உணரி மூன்று கம்பியோடுதான் வந்திருந்தது. ஆனால் குளக்கரையிலிருந்து கொட்டகை வரை நீளம் போதவில்லை. பொருத்த வந்தவர் கடைத்தெருவில் இரட்டைக் கம்பி வாங்கி, மூன்றில் இரண்டை மட்டும் முறுக்கி நீட்டி, கறுப்பு நாடா சுற்றிவிட்டு, மூன்றாவதைப் பெட்டியருகே சும்மா இணைத்துவிட்டிருந்தார். அன்றைக்குப் பெட்டி மூன்றரை டிகிரி கூடுதலாகக் காட்டியதாம். அதை அவர் பெட்டியின் அமைப்பிலேயே கழித்துச் சரிசெய்துவிட்டார். கோடையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மழையில் முறுக்கிய இடத்தில் உப்பு நீர் இறங்கியது. மீதியை மேலே சொன்ன கணக்கு சொல்லும். இங்கே ஒரு வேடிக்கை. அவர் முதல் நாளில் மூன்றரையைக் கழிக்காமல் விட்டிருந்தால், மழைக்காலத்தில் கம்பியின் கூடுதலும் உப்பின் குறைவும் ஒன்றையொன்று தின்று, பெட்டி ஏறக்குறைய சரியான எண்ணையே காட்டியிருக்கும்! இரண்டு பிழைகள் கைகோத்துக்கொண்டு உண்மையைப் போல் நிற்பதும் உண்டு. ஒரு நாள் சோதனையில் சரியாக இருந்தது என்பதற்காக ஒரு கருவியைச் சரி என்று எழுதிவிடாதீர்கள்.

பொருத்த வந்தவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாளில் நான்கு பண்ணைக்குப் போகவேண்டிய பிள்ளை அவர். மூன்றாவது கம்பி ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்குச் சொன்னார்கள், நாங்கள் தேர்வில் எழுதிவிட்டு மறந்தோம். யார் குற்றம் பெரியது?

"எண்ணாகவே பேசும் சில்லு இருக்கிறதே, அதில் கம்பித் தடை சேராதே" என்று மாணவர்கள் கேட்பார்கள். உண்மை. டி.எஸ். 18பி20 என்னும் சில்லு அளவை உள்ளேயே எண்ணாக்கி அனுப்புகிறது. விலையும் மலிவு. ஆனால் அதன் பொய் வேறு விதம். அதற்கு மின்சாரம் கிடைத்தவுடன், இன்னும் அளக்காத நிலையில், அதன் நினைவில் 85 என்ற எண் இருக்கும். அளக்கச் சொல்லி, முடியும் வரை காத்திராமல் கேட்டால் 85 என்று சொல்லும். நடுவில் ஒரு கணம் மின்சாரம் தொய்ந்தாலும் அதே கதைதான்.

மின்சாரம் ஏன் தொய்கிறது? இங்கேதான் செல்பேசிப் பகுதி குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது. இரண்டாம் தலைமுறைச் செல்பேசிச் சுற்று கோபுரத்தோடு பேசும்போது, நொடியில் மிகச் சிறு பகுதிக்கு, 2 ஆம்பியர் வரை மின்னோட்டத்தைக் குடிக்கும். மெல்லிய கம்பி, பழைய மின்கலம், துருப்பிடித்த முனை எனில் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிந்துவிடும். உணரி மயங்கி விழித்து "85" என்கிறது. கோபுரம் தூரத்தில் இருந்தால் சுற்று இன்னும் உரக்கப் பேசவேண்டும். மழை நாளில் சூரியத் தகடு மின்கலத்தை நிரப்பாது. ஆக, எண் தேவைப்படும் நாளில்தான் மயக்கமும் அதிகம். எங்கள் மாணவர் செய்த பெட்டியில் இது நடந்தது. 85 என்று வந்தால் பிழை என்று தெரிந்திருக்கும். ஆனால் அவர்கள் கால் மணிக்கு ஆறு அளவு எடுத்து, சராசரியை மட்டும் அனுப்பினார்கள். ஐந்து முறை 28, ஒரு முறை 85, சராசரி 37.5. சிதம்பரத்து மே மாத மதியத்துக்கு 37.5 அதிசயமான எண்ணா? அதனால் இரண்டு வாரம் யாரும் ஐயுறவில்லை. நள்ளிரவிலும் 37.5 வந்த பிறகே விழித்துக்கொண்டோம். அளவுகளை அப்படியே அனுப்பியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். சராசரி எடுப்பதற்கு முன் பொருந்தாத எண்ணைத் தள்ள வேண்டும். தள்ளியதையும் குறித்து அனுப்ப வேண்டும்.

காற்றின் வெப்பநிலையை அளக்கும்போது இன்னொரு சங்கடம் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெயில் நேரே பட்டால் உணரி காற்றை அளக்காது, தன்னையே அளக்கும். இதற்காகத்தான் தாமஸ் ஸ்டீவன்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையடித்த, சரிவுப் பலகைகள் வைத்த மரப்பெட்டியை வடிவமைத்தார். அவர் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். "புதையல் தீவு" எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. இன்று அதற்குப் பதில் தட்டுக்களை அடுக்கியது போன்ற சிறு பிளாஸ்டிக் கூடு. புதிதில் நன்றாகவே இருக்கிறது. காற்று அசையாத நண்பகலில் அது மரப்பெட்டியைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அதன்மேல் உப்பும் புழுதியும் காக்கை எச்சமும் படிந்து வெண்மை போனால் இன்னும் கூடும். துடைக்க ஒரு ஈரத்துணி போதும். துடைக்க யார் போவது என்பதுதான் கேள்வி.

இரண்டாவது குற்றச்சாட்டு, கோபுரத்தைப் பற்றியது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு போயின. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப நாட்கள் அல்ல, வாரங்கள் ஆயின. செல்பேசிக் கோபுரம் நின்றாலும் அதற்கு மின்சாரம் வேண்டும். மின்கலம் சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் வேண்டும். டீசல் கொண்டுபோகச் சாலை வேண்டும். ஆகவே புயல் நாளில் செல்பேசியை நம்பிய கருவி, அன்று வேறு எதையும் நம்பியிருந்த நம்மைப் போலவே, வாய்மூடி நிற்கும்.

வானிலைத் துறை இதை அறியாததல்ல. அதன் தானியங்கி நிலையங்கள் பல ஆண்டுகள் கல்பனா 1, இன்சாட் ஆகிய செயற்கைக்கோள்கள் வழியாகவே புனேக்குச் செய்தி அனுப்பின. புயல் செயற்கைக்கோளைச் சாய்க்காது. அதிலும் குறையுண்டு. அந்த ஏற்பாட்டில் நிலையம் வானை நோக்கிப் பேசும். கேட்டார்களா என்று அதற்குத் தெரியாது. செல்பேசி முறையில் "கிடைத்தது" என்று பதில் வரும். வராவிட்டால் சேமித்துவைத்து மறுபடி அனுப்பலாம். இது செல்பேசி முறையின் மெய்யான சிறப்பு. ஆனால் வாங்கும் பெட்டி அப்படிச் சேமிக்கிறதா என்று கேட்டு வாங்குபவர் மிகச் சிலரே. சேமிக்காத பெட்டியில் புயலின் மூன்று நாள் என்றைக்குமாக வெற்றிடம். அதைவிட மோசம், செய்தி வராதபோது கடைசியாக வந்த எண்ணையே திரையில் நிறுத்திவைக்கும் ஏற்பாடுகள். நேற்று மாலையின் 26.1 இன்று நண்பகலிலும் 26.1 என்று சிரித்துக்கொண்டிருக்கும். "தெரியவில்லை" என்று சொல்லத் தெரியாத கருவியை நான் வாங்கமாட்டேன்.

புயல் இல்லாமலும் கோபுரம் கைவிடும். 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் சேவை தடுமாறி நின்றது. மனிதர்கள் வரிசையில் நின்று எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். கம்பத்தில் கட்டிய பெட்டி எந்த வரிசையில் நிற்கும்? சிங்கப்பூரில் 2017 ஏப்ரலோடு இரண்டாம் தலைமுறைச் சேவையையே மூடிவிட்டார்கள். நம் நாட்டில் அது இன்னும் ஓடுகிறது என்றாலும், பத்தாண்டு உழைக்க வேண்டிய கருவியை வாங்குபவர் அதன் சிம் அட்டை எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கண்ணாடி வெப்பமானிக்கு இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை.

இவ்வளவும் சொன்னதால் நான் பழைய காலத்துக்குப் போகச் சொல்வதாக எண்ணவேண்டாம். மனிதனும் தவறுவான். லிபியாவின் அல் அசீசியாவில் 1922 செப்டம்பர் 13 அன்று 58 டிகிரி பதிவானதாக உலகப் புத்தகங்களெல்லாம் தொண்ணூறு ஆண்டுகள் அச்சிட்டன. 2012இல் உலக வானிலை அமைப்பு அதைத் தள்ளுபடி செய்தது. பழக்கமில்லாத ஒருவர், பழக்கமில்லாத வெப்பமானியைத் தவறாகப் படித்திருக்க வேண்டும் என்பது முடிவு. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பழைய பதிவுத் தாள் கிடைத்தது. சில நாட்களுக்கு முன்பிருந்து கையெழுத்து மாறியிருந்தது. புதியவர் உச்ச அளவையும் தாழ்ந்த அளவையும் கட்டம் மாற்றி எழுதியிருந்தார். தொண்ணூறு ஆண்டு கழித்தும் ஒரு மனிதனின் தவற்றைத் தேடிப் பிடிக்க முடிந்தது. ஏனெனில் எழுதிய கை மாறியதன் தடயம் தாளில் இருந்தது. இன்று நம் திரைக்கு வரும் எண்ணோடு என்ன வருகிறது? நாள், நேரம், எண். எந்த உணரி, எத்தனை மீட்டர் கம்பி, எத்தனை டிகிரி கழிக்கப்பட்டிருக்கிறது, கடைசியாக யார் எப்போது சோதித்தார் என்று எதுவும் வருவதில்லை. கிள்ளைப் பெட்டிக்குள் ஒளிந்திருந்த மூன்றரை டிகிரிக் கழித்தல் எந்தத் தாளிலும் இல்லை. பொருத்தியவரின் நினைவில்தான் இருந்தது.

சோதிப்பது கடினமென்று நினைக்காதீர்கள். நம் கடற்கரையில் பனிக்கட்டிக்குப் பஞ்சமில்லை. நல்ல தண்ணீரில் உறைந்த கட்டியை உடைத்துத் தூளாக்கி, ஒரு குடுவையில் நிரப்பி, தூள் நனையும்வரை நல்ல தண்ணீர் விட்டு, கால் மணி நேரம் உணரியை அதில் வைத்தால் பெட்டி 0 என்று காட்ட வேண்டும். மீன் வைத்த கூடையிலிருந்து எடுக்காதீர்கள். உப்புப் பட்ட பனி 0க்குக் கீழே போய்விடும். குற்றமற்ற உணரிமேல் பழி விழும். பி.டி. 100 உணரியானால் இன்னொரு வழியும் உண்டு. கம்பியின் முனையில் உணரியைக் கழற்றிவிட்டு, ஆயிரத்தில் ஒரு பங்குத் துல்லியமுள்ள 100 ஓம் மின்தடை ஒன்றை மாட்டுங்கள். அப்போதும் 0 காட்ட வேண்டும். கால் டிகிரி முன்பின் இருக்கலாம். அதற்கு மேல் விலகினால் குற்றம் கம்பியிலோ பெட்டியிலோ உள்ளது. பனியில் தவறி இதில் தேறினால் குற்றம் உணரியில். மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை செய்யலாம்.

கிள்ளைக் குளத்தில் முறுக்கிய இணைப்பை வெட்டியெறிந்துவிட்டு, நான்கு கம்பி உறையுள்ள ஒரே நீளக் கம்பி போட்டோம். அந்தப் பெட்டியில் நான்கு கம்பிக்கு இடமில்லை. எனவே மூன்றை மாட்டி, நான்காவதை மடித்துக் கட்டிவைத்தோம். மூன்றரை டிகிரிக் கழித்தலை நீக்கினோம். இணைப்பு இருக்கும் இடத்தை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி, கொழுப்பு நிரப்பிய குப்பியில் அடைத்தோம். பனியில் வைத்தபோது 0.2 காட்டியது. அதை நாளோடும் பெயரோடும் ஓர் அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறையிலிட்டு, பெட்டியின் கதவுக்குள் ஒட்டியிருக்கிறோம். கண்ணாடி வெப்பமானியை அவர் திருப்பித் தரவில்லை. ஒரு மூங்கிலில் கட்டிக் குளத்திலேயே வைத்திருக்கிறார். சென்ற ஞாயிறு காலையில் பெட்டி 28.6 என்றது, கண்ணாடி 28.5. அரை டிகிரிக்கு மேல் விலகும் நாளில் எனக்குச் சொல்லி அனுப்பும்படி கேட்டுவிட்டு வந்தேன்.